அக்னி மூலைக்கு ஒரு சுற்றுலா

என் நாத்தனார் போன மாதம் ஐரோப்பா சுற்றுலா போனாள். காலையில் எழுந்தால் ஒரு பனிமலை என் கைப்பேசியில் வந்து உட்கார்ந்திருக்கும். கீழே, "அண்ணி, இங்க பிரெட் கல்லு மாதிரி இருக்கு, தயிர் சாதத்துக்கு ஏங்கறேன்" என்று ஒரு வரி. அதே வாரம் நானும் பயணம் போனேன். அவள் போனது ஸ்விட்சர்லாந்து. நான் போனது திருமுடிவாக்கம். அவள் விசா வாங்கப் பட்ட பாடு பெரிதா, எங்கள் பொழிச்சலூரில் நான் ஷேர் ஆட்டோ பிடிக்கப் பட்ட பாடு பெரிதா என்று ஒரு பட்டிமன்றமே வைக்கலாம்.

பயணத்துக்குக் காரணம் மின்சாரம். என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் பழுது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்பும் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ராப்பகலாக ஓடுகிறது. கரண்ட் போனால் அது பீப் பீப் என்று ஊரைக் கூட்டும். வீட்டு இன்வெர்ட்டர் ஒரு சினிமா இடைவேளை வரை தாங்கும். அதற்குப் பிறகு சிலிண்டர். சிலிண்டரும் தீர்ந்தால், கொண்டுவந்து தருகிற ஆள் போனை எடுக்க வேண்டும். அவர் எடுக்க மாட்டார். திருப்பிக் கூப்பிடும்போது, "சாப்ட்டுட்டு இருந்தேன் மேடம்" என்பார். மனுஷர் எப்போது கூப்பிட்டாலும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இதற்காகத்தான் எங்கள் அடுக்குமாடியில் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, மொட்டை மாடியில் சோலார் பேனலும் கீழே பேட்டரியும் வைக்கச் சம்மதம் வாங்கினேன். அந்தப் பேட்டரியில் மாடிப்படி விளக்குகள், தண்ணீர் மோட்டார், அதோடு எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு பிளக். வைத்து சில மாதங்கள் ஆகின்றன. பேட்டரி ஒரு நாள்கூடப் பாதி நிரம்பியதில்லை. மாடிப்படி விளக்கைப் போட்டாலே படுத்துவிடும். இந்த லட்சணத்தில், அடுத்த வாரம் பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவிப்பு வேறு வந்துவிட்டது. காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். அதற்குள் பேட்டரி நிரம்ப வழி தேட வேண்டும்.

சங்கச் செயலாளர் சந்தானம் சாரைப் போய்க் கேட்டேன். "சூரிய சக்தியே முன்ன மாதிரி இல்ல மேடம். எல்லாம் பொல்யூஷன். ஸ்டாக் கொறஞ்சிட்டே வருது" என்றார். சித்திரை வெயில். இதைச் சொல்லும்போது அவர் வழுக்கையிலிருந்து வேர்வை ஊற்றி சட்டைக் காலரை நனைத்துக்கொண்டிருந்தது.

"மாடிச் சாவியைக் குடுங்க சார், நானே ஒரு தடவை பார்க்கறேன்."

"சாரி மேடம். யாரோட புடவையோ காணாமப் போனதுலேர்ந்து சாவி யாருக்கும் குடுக்கறதில்ல. ரூல். எனக்கென்னமோ பேனல் ஸ்டாண்டோட சாய்வுதான் சரியில்லன்னு தோணுது. திருமுடிவாக்கத்துல அதைச் செஞ்ச ஆளைப் போய்க் கேளுங்களேன்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, "கரி தீரப்போவுதுன்னு பேப்பர்ல படிச்சேன். இப்போ சூரியனும் தீருதாமா? எனக்கு முன்னாடி எல்லாரும் கிளம்பறாங்களே" என்றார். இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று தெரிந்துதான் பேசுவார்.

முதல் நாள். முதல் மாடி ஸ்டெல்லா டீச்சரை அவருக்குத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். கிடைத்தது பேட்டரியில் ஓடுகிற ஆட்டோ. என் பக்கத்தில் ஓர் அம்மாள் மடியில் டேபிள் ஃபேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலத்து மேடு வந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தினார்.

"சார்ஜு கம்மியா கீது அக்கா. மேடு மட்டும் இறங்கி நடந்துடுங்க. எறக்கத்துல ஏத்திக்கறேன்."

நாத்தனார் அன்று மலை உச்சிக்குப் பல்சக்கர ரயிலில் போனதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். நான் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டு, ஆட்டோவுக்குப் பின்னால், டேபிள் ஃபேனின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பாலம் ஏறினேன். மேலே போனதும் மூச்சு வாங்கிக்கொண்டே டிரைவரைக் கேட்டேன், "ஏம்ப்பா, இதுக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது?"

"வூட்லேர்ந்துதான். பிளக்ல சொருவினா வருது."

"பிளக்குக்கு எங்கேர்ந்து வருது?"

"அத்த கரண்டாபீஸ்ல போய்க் கேளு அக்கா. எனக்கு இன்னாத்துக்கு அந்தக் கவலை?"

உலகத்தில் முக்கால்வாசிப் பேருடைய விஞ்ஞானம் அந்தப் பிளக்கோடு முடிந்துவிடுகிறது. ஆட்டோக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் சங்கத்தில் எம்.டெக். படித்தவர்களே இருக்கிறார்கள்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இறங்கினால் மூக்கில் இரும்புத் தூள் வாசனை. ஷெட்டுக்கு ஷெட் வெட்டுகிறார்கள், வளைக்கிறார்கள், பற்றவைக்கிறார்கள். ஸ்டாண்ட் செய்த குமரவேல் ஒரு வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். நான் வாயைத் திறந்தேன். கரண்ட் போயிற்று.

அந்த அமைதியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அவ்வளவு இரைச்சலும் ஒரே நொடியில் நின்றது. நான் பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டேன். "இங்கல்லாம் இருக்கு. நீ என்ன சாப்ட்டே?" என்றார் வீட்டுக்காரர். அதற்குள் ஷெட்டில் இருந்த அத்தனை பேரும், யாரும் யாரையும் கூப்பிடாமல், டீக்கடை வாசலில் போய் நின்றுவிட்டார்கள். மின்வெட்டு என்பது அங்கே எழுதப்படாத டீ நேரம். பருப்பு வடை மொறுமொறுப்பாக இருந்தது. நாத்தனாரின் பிரெட்டை நினைத்துக்கொண்டு இரண்டாவது வடை கேட்டு வாங்கினேன்.

"கரி ஃபினிஷ் மேடம்" என்றார் குமரவேல், டீயை ஆற்றிக்கொண்டே. "நம்ம பேரப் பசங்க மியூசியத்துலதான் பார்ப்பாங்க."

"அணைத் தண்ணி இருக்கே?"

"மழை பேஞ்சாத்தானே அணை."

"காத்தாலை?"

"ஆடியில பேய் மாதிரி சுத்தும். அப்புறம் லீவு போட்டுடும்."

"அணுமின்சாரம்?"

"அதுவும் தோண்டி எடுக்கற சரக்குதானே மேடம். தோண்டி எடுக்கறது எல்லாம் ஒரு நாள் தீரும். சூரியன் ஒண்ணுதான் தீராது. அதனால உங்க மச்சினர், கொழுந்தனார் யாராவது இருந்தா ஒரு ஸ்டாண்டு சொல்லிவிடுங்க."

வியாபாரத்துக்காகச் சொன்னாலும் விஷயம் தப்பில்லை. யோசித்துப் பார்த்தால் கரண்ட் தயாரிப்பது ஒன்றும் மாயமில்லை. ஒரு பெரிய இட்லிப் பானை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவைக்கிறார்கள். சக்கரத்தோடு காந்தம் சுற்றினால் கம்பியில் கரண்ட். அடுப்பில் கரி வைத்தாலும் இதே கதைதான், அணுவை வைத்தாலும் இதே கதைதான். அணையில் தண்ணீரும் காற்றாலையில் காற்றும் அடுப்பு இல்லாமல் அதே சக்கரத்தைச் சுற்றவைக்கின்றன. பேனலுக்கு மட்டும் சக்கரம் கிடையாது. வெயில் பட்டால் போதும். அந்த வெயிலைத்தான் எங்கள் செயலாளர் ஸ்டாக் இல்லை என்கிறார்.

குமரவேல் சாய்வுக்குப் பொறுப்பேற்கவில்லை. "அளவு குடுத்தது முரளி. பேனல் மாட்டினவரு. இப்ப கோவளத்துல வேலை செய்யறாரு, அங்க போய்க் கேளுங்க" என்றார்.

ஆகவே இரண்டாம் நாள் கோவளம். தாம்பரத்தில் ஏறிய பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஜன்னல்தான் மூடவில்லை. சோழிங்கநல்லூர் வருவதற்குள் என் தலைமுடி என்னுடையதாக இல்லை. அங்கே வண்டி மாறி, பக்கத்தில் இருந்தவர் தன் மருமகளைப் பற்றிச் சொன்னதைக் கேட்ட சுவாரஸ்யத்தில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, வந்த வழியே நடந்தேன். மருமகள் பக்கம்தான் நியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கரையில் படகுகள் வந்து ஏலம் ஓய்ந்திருந்தது. சரசா என்கிற அம்மாள் கூடை மீனுக்கு மேல் ஐஸ் தூளை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். நான் சங்கரா மீனைத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னா அமுக்கிப் பாக்கற? காலைல வந்த மீனு. அதுக்கே நீ டாக்டரு மாதிரி நாடி புடிக்கற."

"ஐஸ் தாங்குமா, வீடு வரைக்கும்?"

"ஐஸு தாங்கும். கரண்ட்டு தாங்கணுமே. கரண்ட்டு போச்சுன்னா ஐஸ் கம்பெனிக்காரன் வெலைய ஏத்திடுவான், பேஜாரு. தோ, தெக்கால போனா அணுக் கரண்ட்டு. வடக்கால போனா கரிக் கரண்ட்டு. நடுவுல நாங்க மெழுகுவத்தி வெச்சிகினு குந்தினு கீறோம்." பிறகு, கடலிலிருந்தும் கரண்ட் எடுக்கிறார்கள் என்றும், அதனால்தான் மீன் குறைந்துபோயிற்று என்றும் அடித்துச் சொன்னார். நான் மறுத்துப் பார்த்தேன். "அப்ப மீனு எங்க போச்சு? நீ சொல்லு" என்றார். மீனை வாங்கிக்கொண்டேன்.

முரளி ஒரு புதுப் பங்களாவின் கூரையில் நின்று பேனல் மாட்டிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து கத்திக் கூப்பிட்டேன். அவர் இறங்கி வருவதற்குள் வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுத்ததும் முதலில் கேட்டது என் வீட்டுக்காரர் குரல் இல்லை. பீப் பீப் சத்தம்.

மீன் பையைக் கீழே போட்டுவிட்டேன். வாய்விட்டே "முருகா" என்றேன். பிறகுதான் அவர் குரல் வந்தது, மெதுவாக, நடுநடுவே மூச்சு வாங்கி. "ஒண்ணுமில்ல. கரண்ட் போச்சு. இன்வெர்ட்டரும் படுத்துடுச்சு. டீச்சர் சிலிண்டர் மாட்டிட்டாங்க. நீ பதறாத. என்ன சாப்ட்டே?"

சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்றேன். பயந்துவிட்டேன், அதை மறைக்க எனக்குத் தெரியாது. அந்த பீப் சத்தம் காதை விட்டுப் போகவே இல்லை. அந்தக் கோபத்தோடுதான் முரளி பக்கம் திரும்பினேன்.

"சாய்வெல்லாம் கரெக்ட்டுதான் மேடம்" என்றார் அவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இடம்தான் தப்பு. காலைல பக்கத்து பில்டிங் நிழல். மத்தியானத்துக்கு மேல உங்க தண்ணித் தொட்டி நிழல். நடுவுல கொஞ்ச நேரம்தான் வெயில். அதுல எப்படி ரொம்பும்?"

"தெரிஞ்சுமா அங்க வெச்சீங்க?"

"நான் எங்க வெச்சேன்? உங்க செகரட்டரிதான் வாஸ்துக்காரருக்கு பிளானை வாட்ஸ்அப்ல அனுப்பிக் கேட்டாரு. கரண்ட்டுன்னா நெருப்பு, நெருப்புன்னா அக்னி மூலை, தென்கிழக்குலதான் வெக்கணும்னு பதில் வந்துச்சு. கஸ்டமர் காட்டற எடத்துல மாட்டறதுதான் மேடம் நம்ம வேலை. எதுத்துப் பேசினா வேற ஆளைக் கூப்பிட்டுடுவாங்க."

மனசாட்சியைக்கூட மனுஷர் ஸ்க்ரூ போட்டு இறுக்கி வைத்திருந்தார். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "வேற எடத்துக்கு மாத்தணும்னா சொல்லுங்க, ஒரு நாள் வேலை" என்றார்.

அன்று சாயங்காலம் சந்தானம் சார் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். சாவி கொடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அவர் மனைவி காபி கொடுத்தார். குடித்துவிட்டும் எழுந்திருக்கவில்லை. சாவி வந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தால், இவ்வளவு பெரிய மொட்டை மாடி, வடமேற்குப் பக்கம் இன்னும் சூடு ஆறாமல் காலைச் சுடுகிறது. எங்கள் பேனல்கள் மட்டும் தென்கிழக்கு மூலையில், தொட்டி நிழலில், மதியத் தூக்கம் போடுகிற மாமனார் மாதிரிச் சாய்ந்துகிடந்தன. படம் எடுத்துக்கொண்டேன்.

சங்கரா மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். "மீட்டிங்ல முதல்ல உண்மையச் சொல்லிப் பாரு" என்றார். "எடுபடலன்னா நான் ஒண்ணு சொல்லித் தர்றேன், அதைச் சொல்லு." சொல்லித் தந்தார். எனக்குப் புரை ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவசரக் கூட்டம். நான் படங்களைக் காட்டினேன். நிழலைக் காட்டினேன். பேனலுக்கு வேண்டியது வெயில், வேறொன்றும் இல்லை என்றேன். வடமேற்கில் காலை முதல் சாயங்காலம்வரை வெயில் காய்கிறது, அங்கே மாற்றினால் பேட்டரி நிரம்பும் என்றேன். மின்தடை அன்று என் வீட்டுக்காரர் சிலிண்டரை நம்பிக் கிடக்க வேண்டியிருக்காது என்றேன். எல்லோரும் 'உச்' கொட்டினார்கள். பிறகு சந்தானம் சார் எழுந்தார்.

"உங்க சார் மேல எல்லாருக்கும் மரியாதை இருக்கு மேடம். ஆனா அக்னி அக்னி மூலையிலதான் இருக்கணும். மாத்தினா குடும்பத் தலைவருக்கு ஆகாது."

"குடும்பத் தலைவருக்கு இப்பவே ஆகலையே சார்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஸ்டெல்லா டீச்சர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "எங்களுக்கு வாஸ்தெல்லாம் கெடையாது சரளா. ஆனா எதுக்கும் இருக்கட்டுமே" என்று செயலாளர் பக்கமே கையைத் தூக்கினார். எம்.டெக். படித்த தம்பி ஒரு யோசனை சொன்னார். "ஆன்ட்டி, நிழல்தானே பிராப்ளம்? பேனல் மேல ரெண்டு ஃபோகஸ் லைட் போட்டு அடிச்சா?"

"அந்த லைட்டுக்குக் கரண்ட்?"

"அதான் பேட்டரி இருக்கே ஆன்ட்டி."

இதற்கும் நாலு தலைகள் ஆடின. சரி, உண்மையின் வேலை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சொல்லித் தந்ததை எடுத்தேன்.

"நீங்க சொல்றதுதான் சரி சார். அக்னி ரொம்ப முக்கியம். அதனாலதான் பயமா இருக்கு. காலைல பக்கத்து பில்டிங்காரன் நிழல் வந்து நம்ம அக்னி மேலயே படுக்குது. அடுத்தவன் நிழல் நம்ம அக்னி மேல விழுந்தா, நம்மளுது எல்லாம் அவனுக்குப் போயிடாதா?"

இரண்டாவது மாடி அம்மாள் மார்பில் கை வைத்தாள். "அவங்களுக்கு போர்ல தண்ணி வந்துச்சே! நமக்கு வத்திப்போச்சே!" இன்னொருவர், "அவங்க ஃப்ளாட்டெல்லாம் டக்டக்குனு வித்துப்போச்சு. நம்மளுது ரெண்டு இன்னும் பூட்டித்தான் கெடக்கு" என்றார். எம்.டெக். தம்பி, பக்கத்துக் கட்டடத்துச் செயலாளர் புதுக் கார் வாங்கியதைத் தேதி முதற்கொண்டு நினைவுபடுத்தினார். சந்தானம் சாரின் முகம் வெளுத்துவிட்டது. "நான் இந்த ஆங்கிள்ல யோசிக்கவே இல்ல மேடம்" என்றார். அங்கேயே நின்று முரளிக்குப் போன் போட்டார்.

மறுநாளே பேனல்கள் வடமேற்குக்குப் போயின. வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு வாஸ்துக்காரரும் அது வாயு மூலை, பரவாயில்லை, உத்தமம் என்று பதில் போட்டார். உத்தமம் என்பதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். நான் வெட்கப்பட்டேனா என்றால், இல்லை. ஆத்திரப்பட்டேன். என் மனுஷர் மூச்சு விட வேண்டும் என்பதற்கு அசையாத பேனல், பக்கத்து வீட்டுக்காரன் நல்லா இருக்கிறான் என்றதும் அசைந்ததே, அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

மின்தடை நாள் வந்தது. காலையில் கரண்ட் போனது. தெருவில் மிக்ஸிகள் நின்றன, மின்விசிறிகள் நின்றன, எங்கள் தலைக்கு மேலே விமானம் மட்டும் வழக்கம்போலப் போயிற்று. நான் கட்டில் பக்கத்தில் சிலிண்டரைத் தயாராக நிறுத்தி, அதைத் திறக்கிற சாவியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, பீப் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சந்தானம் சார் பார்க்க வந்தார். "பாத்தீங்களா சார்? வாயு மூலை. வாயுன்னா சுவாசம். உங்களுக்காகவே சாஸ்திரத்துல எழுதி வெச்சிருக்கான்."

"ரொம்ப நன்றி சார்" என்றார் என் வீட்டுக்காரர், கைகூப்பி. அவர் போன பிறகு என்னைப் பார்த்தார். "சரளா, கரி தீரும், அணு தீரும்னெல்லாம் பயப்படறாங்க. நம்ம ஆளுங்களோட வயித்தெரிச்சல்லேர்ந்து கரண்ட் எடுக்கக் கத்துக்கிட்டா, இந்தியா மொத்தத்துக்கும் காலாகாலத்துக்கும் போதும்" என்றார். சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். வந்தது. திட்டிக்கொண்டே முதுகைத் தடவிவிட்டேன். அப்படியே தூங்கிப்போனார்.

நாத்தனாரிடமிருந்து மறுபடி ஒரு பனிமலை. பதிலுக்கு எங்கள் மொட்டை மாடிப் படத்தை அனுப்பினேன், பேனல் மேல் வெயில் கண்ணைக் கூசவைக்கிற படம். "இது எந்த ஊர் அண்ணி?" என்று கேட்டிருந்தாள். எழுத ஆரம்பித்து விட்டுவிட்டேன். சாவி இன்னும் ஒரு கையில் இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, தெருக்கோடியிலிருந்து அந்தக் கூச்சல் கிளம்பியது. கரண்ட் வந்தால் எங்கள் பக்கத்தில் போடுகிற கூச்சல், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாவி வரும். "வந்துடுச்சு! வந்துடுச்சு!" எதிர்வீட்டில், மேல்மாடியில், கீழே ஸ்டெல்லா டீச்சர் வீட்டில், எல்லோரும் கத்தினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் கத்தவில்லை. எதுவும் போயிருந்தால்தானே வருவதற்கு. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சிலிண்டர் சாவியைக் கீழே வைத்தேன்.